இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறுநாள் விடிந்தால் தாம்பரத்தில் தங்கை மகளுக்கு முகூர்த்தம். மதுரை விமான நிலையத்தில் அம்மாவும் நானும் மாலையிலிருந்தே காத்திருந்தோம். முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள், சரி என்று உட்கார்ந்தோம். அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம், பிறகு முக்கால் மணி நேரம் என்று தவணை தவணையாக இழுத்து, பத்தரை மணிக்கு ரத்து என்றுவிட்டார்கள். சர்க்கரை நோயாளியான அம்மாவுக்கு என் கைப்பையில் கிடந்த நாலு பிஸ்கட்தான் ராச்சாப்பாடு. கவுன்ட்டரில் நின்ற பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கே மேலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடகைக் காரில் விடிய விடியப் போயும், தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதியைத் தேடிப் படித்தேன். மதுரை–சென்னை மாதிரி குறைந்த தூரப் பயணத்துக்கு, தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலே சாப்பாடு தர வேண்டுமாம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், அதோடு ரூ.7,500 இழப்பீடு. ஆனால் அந்தத் தொகை, இல்லையென்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். இரண்டு மாதம் முன்பே மலிவாக டிக்கெட் எடுத்தவருக்கு என்ன கிடைத்துவிடும்? வெறும் தாமதம் என்றால் இழப்பீடாக ஒரு பைசா கிடையாது. ஐரோப்பாவில் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே 250 முதல் 600 யூரோ வரை கொடுத்தாக வேண்டும். இங்கே தாமதம் அவர்களுக்குச் செலவில்லாத விஷயம், அதனால்தான் தவணை முறையில் இழுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தானபோது, மற்ற நிறுவனங்கள் விலையை ஏற்றாமல் இருக்க அரசு 500 கி.மீ. வரை ரூ.7,500 என்று உச்சவரம்பு வைத்தது. நாடே கூச்சல் போட்டால்தான் அது வருமா? ஒரேயொரு விமானம் ரத்தானாலும் அந்த நூற்றைம்பது பேருக்கு அது பொருந்த வேண்டும். தாமதத்துக்கும் இழப்பீடு வேண்டும், அதைப் பயணி அலைந்து கேட்காமல் டிக்கெட் எடுத்த கணக்கிலேயே போட வேண்டும்.

இந்த விதிகளை ஏறுமிடத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கவும் சொல்லுங்கள். அம்மா தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். அப்படி ஒரு பலகை இருந்திருந்தால் அன்றைக்கு அவரே எழுந்து போய்ச் சாப்பாடு கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை