மாயாவியின் 24-ஆம் தலைமுறையைத் தமிழில் தாருங்கள்

கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 1994 முதல் 1996 வரை ஒளிபரப்பான ‘ஃபேண்டம் 2040’ அனிமேஷன் தொடரின் 35 பாகங்களையும் தமிழ் சப்டைட்டிலோடு, முடிந்தால் தமிழ்க் குரலோடு, வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தொடருக்குத் தமிழ் எதற்கு என்று நீங்கள் யோசிக்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய, காட்டில் வாழும் முகமூடி வீரரான உங்கள் ஃபேண்டம் எங்களுக்கு வேறு பெயர்களில்தான் அறிமுகம். முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு அவர் வேதாளர். ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு மாயாவி. (இரும்புக்கை மாயாவி வேறு ஆள். அவர் பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டவர்கள் நிறையப் பேர்.) நான் ராணி காமிக்ஸ் பையன், எனக்கு அவர் மாயாவி. மாயாவி குத்தினால் அவர் மோதிரத்தின் மண்டையோட்டு அடையாளம் எதிரியின் முகத்தில் பதிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் ஒரு ரப்பரை பிளேடால் செதுக்கி அதே மண்டையோடு முத்திரை செய்தேன். கண் இரண்டும் சரியாக விழுந்தன, பல் வரிசை மட்டும் ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. அதை இங்கில் தோய்த்து வகுப்பில் ஒருவன் கன்னத்தில் குத்தினேன். அவன் அழவில்லை, இரண்டு நாள் அதைக் கழுவாமல் பெருமையாகத் திரிந்தான். மாயாவியிடம் அடி வாங்கிய அடையாளமும் எங்களுக்குப் பெருமைதான்.

வளர்ந்த பிறகு அந்தக் கதைகளைத் திரும்பப் படித்தால் ஒரு சங்கடம் வருகிறது. காட்டில் எத்தனையோ பழங்குடிகள் இருக்க, நீதி சொல்ல மண்டையோட்டு ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வெள்ளைக்காரர். அப்பனுக்குப் பின் மகன் என்று 1536-லிருந்து இதே ஏற்பாடு. இந்தியாவில் 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், கதை நடக்கும் பங்கல்லா நாட்டை டெங்காலி என்று மாற்றியது, சிங் கடற்கொள்ளையரை சிங்கா கொள்ளையர் ஆக்கியது. பெயரை மாற்றலாம், அந்த ஆசனத்தை என்ன செய்வது? நான் நேசித்த ஒருவரைப் பற்றி இப்படிக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த வருத்தத்தைத் தீர்த்து வைத்தது ‘ஃபேண்டம் 2040’தான்.

காடு இல்லை. ஆசனம் இல்லை. நியூயார்க் இருந்த இடத்தில் மெட்ரோபியா என்ற நகரம் நிற்கிறது. வளங்களுக்காக நடந்த போர்கள் பூமியைச் சுரண்டித் தீர்த்துவிட்டன. மனிதர்கள் செய்துவந்த வேலையைப் பயாட் என்ற உயிர்-இயந்திரங்கள் பிடுங்கிக்கொண்டுவிட்டன. கிட் வாக்கர் ஒரு கல்லூரி மாணவன். தான் யாருடைய பிள்ளை என்பதே அவனுக்குத் தெரியாது. குரன் வந்து சொன்ன பிறகுதான், தான் 24-ஆவது ஃபேண்டம் என்று அவனுக்குத் தெரிகிறது. பழைய கதைகளில் புல் தொப்பியோடு துணைக்கு நின்ற அதே பெயர்க்காரர் இங்கே வழிகாட்டி. ‘உன் முன்னோர் இதைச் செய்தார்கள், நீ செய்வாயா?’ என்று கேட்கிற இடத்தில் அவர் நிற்கிறார். இந்த ஒரு மாற்றத்திலேயே என் பாதி சங்கடம் போய்விட்டது.

மீதியைத் தீர்த்தது நகரத்துக்கு அடியில் இருக்கும் காடு. கைவிடப்பட்ட கீழ்த்தளங்களில், வெயிலே படாத இருட்டில், உருமாறிய செடிகொடிகள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. பேய்க்காடு என்று பெயர். அதை யாரும் நடவில்லை, அதற்கு ராஜாவும் கிடையாது. மேலே செத்துக்கொண்டிருக்கும் பூமியைப் பிழைக்க வைக்கும் வழி அதற்குள் இருக்கலாம், அவ்வளவுதான். மாயாவி அங்கே ஆளப் போகவில்லை, அதைக் காப்பாற்றப் போகிறார்.

எதிரில் ரெபேக்கா மேடிசன், மாக்சிமம் நிறுவனத்தின் தலைவி. கிட்டின் அப்பா இறந்த அதே ரயில் விபத்தில்தான் அவர் கணவரும் இறந்தார். அந்தக் கணவரின் நினைவுகளை ஓர் இயந்திர உடலில் ஏற்றி உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அவர் ஏக்கம். ஊர் அழிந்தாலும் பணக்காரர்கள் மட்டும் பிழைத்திருக்க ரகசியமாக ஒரு நகரம் கட்ட வேண்டும் என்பது திட்டம். ஏக்கத்துக்காக நாம் இரங்குகிற நேரத்தில் திட்டம் நினைவுக்கு வந்து பதற வைக்கும். பக்கத்தில் மடியில் பூனையோடு மௌனமாக உட்கார்ந்திருக்கும் மகன். பூனைக்குப் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் பெயர். ரெபேக்காவின் கையாளான கிராஃப்ட் பாதி மனிதன், பாதி இயந்திரம். உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவில் அவன் தடுமாறும்போது எனக்கு மாயாவியே இரண்டாம்பட்சமாகிவிடுவார். அவனுக்குக் குரல் கொடுத்த நடிகர் ரான் பெர்ல்மனின் கரகரத்த குரல் அதற்கு அப்படிப் பொருந்துகிறது.

ஜூடித், கார்ஃபீல்ட் ரீவ்ஸ்-ஸ்டீவன்ஸ் தம்பதியின் எழுத்தும், பீட்டர் சங்கின் உருவ வடிவமைப்பும் தொடருக்குப் பெரிய பலம். ஆட்கள் எல்லாரும் நெடுநெடுவென்று, கைகால் நீண்டு, எலும்பும் தசையும் தெரிய இருப்பார்கள். முதலில் கண்ணுக்கு ஒட்டாது. நாலு பாகம் பார்த்தால் இவர்கள் வேறு மாதிரி இருக்கவே முடியாது என்று தோன்றிவிடும். உங்கள் பாத்திரங்களை வைத்து 1986-ல் ‘டிஃபண்டர்ஸ் ஆஃப் த எர்த்’ என்ற அனிமேஷன் தொடர் வந்தது. ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக், லோதார், மாயாவி எல்லாரும் ஒரே அணியில். எனக்குப் பிடிக்கும், ஆனால் அது திருவிழா. ‘2040’ கதை.

தொடர் வந்தபோது 46 வருடம் தள்ளி இருந்த 2040 இப்போது பக்கத்திலேயே வந்துவிட்டது. தண்ணீர், காற்று, வேலை என்று அதில் பேசிய எல்லாம் இன்று என் பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு பாகம் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நான் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் சின்னவள், “அப்பா, இவர் தமிழ்ல பேச மாட்டாரா?” என்று கேட்டாள். எனக்குப் பேசிய மாயாவி அவளுக்குப் பேசவில்லை.

சரி, செய்யும்போது எப்படிச் செய்வது? வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போடும் சப்டைட்டில் மட்டும் வேண்டாம். தமிழ் காமிக்ஸில் வருடக்கணக்காக மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு அங்குலக் கட்டத்துக்குள் ஒரு கோபத்தை அடக்கிப் பழகியவர்கள், வசனத்தை அவர்களிடம் கொடுங்கள். பயாட் பயாட்டாகவே இருக்கட்டும், எங்களுக்குப் புரியும். பெயர் மட்டும் மாயாவியா வேதாளரா என்று எங்களுக்குள் பெரிய சண்டை வரும். அது எங்கள் பாடு, பேசி முடித்துக்கொள்கிறோம்.

அப்புறம், அந்த உறுதிமொழி. முதல் ஃபேண்டம் தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து, நான்கு தீமைகளை ஒழிப்பேன் என்று சபதம் செய்கிறான். கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி. இருபத்து நான்காவது தலைமுறைக்கு எதிரில் கப்பலும் இல்லை, கொள்ளைக்காரன் கத்தியும் இல்லை. ஒரு பெரிய நிறுவனம்தான் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்த முதல் சொல்லில் இருக்கும் கடலை எடுத்துவிட்டு ‘கொள்ளை’ என்று மட்டும் எழுதட்டும். ரெபேக்கா மேடிசனுக்கும் அந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

அன்புடன்,
ஒரு பழைய ராணி காமிக்ஸ் வாசகன்