சேசிஸ் மாற்றிய ரைபிளும் நீளம் கூடிய ஒரு ஸ்க்ரூவும்: முகாமையாளருக்கு ஒரு முறைப்பாடு

அனுப்புநர்:
கழகச் சுடுகலன் பொறுப்பாளர்
(பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டில் உள்ளபடி)
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முகாமையாளர்,
விற்பனை மற்றும் திருத்தப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: .22 போல்ட் ரைபிளுக்கு அலுமினியச் சேசிஸ் (மரச் சோங்குக்குப் பதிலான உலோகச் சட்டம்) பொருத்திய வேலையில் உள்ள குறைகள்

ஐயா,

தைப்பொங்கல் கழிந்த கிழமை எங்கள் கழகத்தின் சிறிய .22 ரைபிளை உங்கள் வேலைத்தளத்தில் ஒப்படைத்தேன். பங்குனி பிறந்தபோது திருப்பித் தந்தீர்கள். அதன் பிறகு மூன்று தடவை தொலைபேசியில் பேசியாயிற்று, ஒரு தடவை நேரிலும் வந்தாயிற்று. நான்கு தடவையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ரவையை மாத்திப் பாருங்க அங்கிள்." மாற்றினேன், மூன்று வகை ரவை. துவக்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே இனி எழுத்தில்.

இந்த வேலையை ஏன் கேட்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் செய்ததால்தான் பாதிப் பிழை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ரைபிளோடு வந்தது வால்நட் மரச் சோங்கு, குழலைத் தாங்கித் தோளில் அணையும் அந்த மரப்பாகம். பார்க்க அழகானது, ஆனால் கொழும்பு ஈரத்துக்கு அது லாயக்கில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மரம் நீரை உறிஞ்சி ஊதும். முன்பக்கம் குழலைத் தொட்டுத் தள்ளும். மாசியில் நடுவில் பட்ட ரவை ஆனியில் ஓரத்துக்குப் போகும். பிள்ளைகள் தங்கள் மூச்சைக் குறை சொல்வார்கள், நான் மரத்தைக் குறை சொல்வேன். இன்னொன்று, எங்களிடம் பயிலும் பிள்ளைகளில் சிலர் ஐந்தடி உயரம்கூட இல்லை. பெரியவர்களுக்கான சோங்கில் விசையிலிருந்து பின்முனை வரை 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். அவர்களுக்கு 12 அங்குலமளவில் வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை நீட்டித்தான் கண்ணைத் தொலைநோக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். துண்டு துண்டாகச் சேர்த்தும் கழற்றியும் நீளத்தை மாற்றக்கூடிய, கன்னம் வைக்கும் தட்டை ஏற்றி இறக்கக்கூடிய அலுமினியச் சேசிஸ் இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து. அதனால்தான் அனுமதிக் கடிதங்களுக்காக மாதக்கணக்கில் படியேறி இறங்கினேன். சோங்குதான் மாறுகிறது, தொடர் இலக்கம் பொறித்த பாகம் மாறவில்லை என்று ஒவ்வொரு மேசையிலும் விளக்கியது எனக்கே மனப்பாடம்.

இனிக் குறைகள். பெரியதிலிருந்து தொடங்குகிறேன்.

திருப்பி எடுத்த அன்றே கவனித்தேன், போல்டை, அதாவது ரவை அறையை அடைக்கும் தண்டை, மூடும்போது கடைசிப் பகுதி இறுக்கமாக இருந்தது. முன்பு சுண்டுவிரலால் மூடலாம், இப்போது உள்ளங்கையால் தள்ள வேண்டியிருந்தது. "புதுச் சேசிஸ், கொஞ்ச நாள் பழகினா சரியாகும்" என்றார் உங்கள் வேலைத்தளத்துத் தம்பி. சேசிஸ் என்ன புதுச் செருப்பா, பழகுவதற்கு? நான் துறைமுகத்தில் பொறிப் பகுதியில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வந்து, ரவை அறை காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, போல்டின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசினேன். ஒரு தடவை மூடித் திறந்தேன். மையில் நூல் போல ஒரு கோடு, அதன் கீழே புதிதாகக் கீறிய உலோகத்தின் பளபளப்பு. பிறகு ரைபிளைச் சேசிஸோடு பிணைக்கும் இரண்டு ஸ்க்ரூக்களில் முன்னதை அரைச் சுற்றுத் தளர்த்தினேன், போல்ட் பழையபடி வழுக்கிக்கொண்டு மூடியது. மறுபடி இறுக்கினேன், மறுபடி சிக்கியது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நடந்தது இதுதான். சேசிஸ் பெட்டியில் இரண்டு நீளத்தில் ஸ்க்ரூக்கள் வருகின்றன, ஏனென்றால் அதே சேசிஸ் வெவ்வேறு ரைபிள்களுக்கும் பொருந்தும். எங்கள் ரைபிளுக்குக் குட்டையானது போதும். உங்கள் ஆள் நீளமானதைப் போட்டிருக்கிறார். வேர்னியரில் அளந்தேன், 4 மில்லிமீற்றர் கூட. அதன் நுனி உள்ளே எட்டிப் பார்த்து போல்டை உரசுகிறது. குட்டை ஸ்க்ரூக்கள் பிரிக்காத பொலித்தீன் பையில் அப்படியே பெட்டிக்குள் கிடந்தன. ஒரு தடவை பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்தது இறுக்கிய அளவு. இதை விட்டுவிட மாட்டேன். சேசிஸோடு வந்த தாளில் இரண்டு ஸ்க்ரூவுக்கும் 30 அங்குல-இறாத்தல் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எவ்வளவில் இறுக்கினீர்கள் என்று நேரில் வந்தபோது கேட்டேன். "பன்னிரண்டில" என்றார் தம்பி, மிகவும் நம்பிக்கையாக. பன்னிரண்டு எது என்றேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. மேசையில் கிடந்த டோர்க் ரென்சை, அதாவது இறுக்கும் அளவைக் காட்டும் சாவியை, காட்டினார், அதில் இருப்பது நியூட்டன் மீற்றர். ஒரு நியூட்டன் மீற்றர் என்பது 8.85 அங்குல-இறாத்தல். ஆக 12 என்றால் 106. தாளில் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு! பின் ஸ்க்ரூவின் தலை அலுமினியத்தில் பள்ளம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். எஃகு ஸ்க்ரூவும் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் எது விட்டுக்கொடுக்கும் என்பது பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் மாற்றுகிற பையனுக்கும் தெரியும். தம்பியில் எனக்குக் கோபமில்லை. அலகு பார்த்து இறுக்க வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான்.

மூன்றாவது, குழல். சேசிஸின் முழுப் பயனே குழல் எதையும் தொடாமல் நிற்பதில்தான் இருக்கிறது. நூறு ரூபாத் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டுப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து ஒரு சாண் தூரம் போனதும் நின்றுவிட்டது. வார் மாட்டும் வளையத்துக்காக நீங்கள் கீழிருந்து போட்ட ஆணியின் நுனி மேலே வந்து குழலைத் தொடுகிறது. வளையம் நாங்கள் கேட்கவே இல்லை. இலவசமாகப் போட்டதாகப் பற்றுச்சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இலவசத்தின் விலையை இலக்கில் பார்த்தோம். 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒன்பதுக்கு 26.4. நம்முடைய பதினொரு பக்கப் பத்து ரூபா நாணயம் ஏறத்தாழ அந்த ஒன்பதின் அளவு. மரச் சோங்கில், மழை இல்லாத மாதங்களில், மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் ஐந்து ரவையும் அந்த நாணயத்துக்குள் இருக்கும். இப்போது உள்ளங்கையாலும் மறைக்க முடியவில்லை. மூட்டையை அரை அடி முன்னுக்கு நகர்த்தினால் ஐந்தும் சேர்ந்து வேறு பக்கம் போகின்றன. இது ரவையின் குற்றம் என்றால், ரவைக்கு மூட்டை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மடக்கும் சோங்கு பற்றி. நான் எழுதிக் கொடுத்த கட்டளையில் "மடங்காதது" என்று அடிக்கோடிட்டிருந்தேன். மடங்குவதைப் பொருத்தியிருக்கிறீர்கள். கையிருப்பில் அதுதான் இருந்ததாம், விலையும் கூடவாம், நாங்கள் சந்தோஷப்பட வேண்டுமாம். ஐயா, உங்களுக்கு அது மேலதிக வசதி. எங்கள் தலைமுறைத் தமிழர்களுக்குக் கொழும்பில் நீளமான பையோடு காலி வீதியில் ஆட்டோ பிடிப்பது எப்படி இருக்கும் என்பதை விளக்க எனக்கு விருப்பமில்லை. சோதனைச் சாவடி இப்போது இல்லை, உடம்புக்கு அது இன்னும் ஞாபகம். கறுப்பு நிறத்தில், சோங்கு மடங்கி, இராணுவச் சாமான் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வி பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியதாக இருக்காது. ஆண்டுதோறும் டிசெம்பர் 31க்கு முன் அந்த மேசையின் முன்னால் நிற்பது நான், நீங்கள் அல்ல. நீளம் குறைக்கும் துண்டுகளும் மடங்கும் பிணைச்சலோடு பொருந்தாதாம், அதனால் தரவில்லையாம். அப்படியென்றால் 12 அங்குலம் எங்கே? குட்டிப் பிள்ளைகளுக்காகச் செய்த வேலையில் குட்டிப் பிள்ளைகளுக்குத்தான் ரைபிள் பொருந்தவில்லை.

கடைசியாக, பழைய வால்நட் சோங்கைக் காணவில்லை. கேட்டால் "ஸ்டோர்ல இருக்கும்" என்கிறார்கள். இருக்கும் என்றால் எடுத்துத் தாருங்கள். ரைபிளைத் தந்த விதத்தையும் சொல்ல வேண்டும்: போல்டைக் கழற்றாமல், பூட்டில்லாத பையில், கதவருகே வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். உரிமம் பெற்ற ஓர் இடம் செய்யக்கூடிய காரியமா இது?

நான் கேட்பவை இவை. நீள ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் குட்டையானதை நானே போட்டுவிட்டேன், அதற்கு உங்களுக்குச் சிரமமில்லை. பள்ளம் விழுந்த சேசிஸை மாற்றித் தர வேண்டும். மடங்காத பின்பாகமும் நீளத் துண்டுகளும் கட்டளையில் உள்ளபடி வர வேண்டும். வளையம் வேண்டாம், அதன் ஆணியும் வேண்டாம். போல்டில் விழுந்த கீறலை உங்கள் வேலைத்தளத்தைத் தவிர வேறொரு உரிமம் பெற்ற திருத்துநர் பார்த்துப் பாதுகாப்பானது என்று எழுத்தில் தர வேண்டும், செலவு உங்களுடையது. அதுவரை இந்த ரைபிளில் ஒரு ரவைகூடச் சுட விடமாட்டேன். பொருத்தும் கூலியாக வாங்கிய ரூபா 38,500 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். வால்நட் சோங்கு வீடு வர வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ரைபிளைத் திருப்பி வாங்கி இரண்டு மாதம் முடிகிறது. எனக்கு அங்கே போக ஆசையில்லை. அதிகாரசபையில் டோர்க் ரென்சைப் பற்றி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும், அதற்கு உங்களிடம் விளக்குவது சுலபம். ஆனாலும் பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் இதே கடிதத்தின் பிரதியை அங்கே கொடுப்பேன்.

சனிக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து கழகத்தில் இருப்பேன். தம்பியையே அனுப்புங்கள், பரவாயில்லை. வரும்போது அங்குல-இறாத்தல் காட்டும் ரென்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன்.

இப்படிக்கு,
கழகச் சுடுகலன் பொறுப்பாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, அடிக்கோடிட்ட கட்டளைத் தாளின் பிரதி, பின் ஸ்க்ரூப் பள்ளத்தின் படம், போல்டின் அடிப்பக்கக் கீறலின் படம், நீளமான ஸ்க்ரூ ஒன்று.