குழந்தைப் போர்வைக் குறிப்புகளில் விடுபடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவேலைப் பக்கங்களில் வரும் குரோஷா (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை) குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. அழகான ஒரு படம், அதன் கீழே “செயின் போடவும், வரிசை வரிசையாகப் பின்னவும், வேண்டிய நீளம் வந்ததும் முடிக்கவும்” என்று நான்கு வரி. பின்னத் தெரிந்தவருக்கு அது போதும். முதன்முதலாக ஊசியைக் கையில் எடுப்பவருக்குப் போதவே போதாது. நேராகத் தொடங்கிய போர்வை பாதியில் ஒரு பக்கமாகச் சரிந்து முக்கோணமாகிவிடும். “நமக்குக் கை வரவில்லை” என்று அவர் நூலையும் ஊசியையும் பரணில் ஏற்றிவிடுவார். அவர் கை நன்றாகத்தான் இருக்கிறது. குறிப்பில்தான் கணக்கு விடுபட்டிருக்கிறது. அந்தக் கணக்குக்கும் இடம் ஒதுக்கி அச்சிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

முதல் குழப்பம் பெயரில். அமெரிக்கக் குறிப்பில் ‘சிங்கிள் குரோஷா’ எனப்படும் குட்டையான பின்னல் பிரிட்டிஷ் குறிப்பில் ‘டபுள் குரோஷா’. அதைவிட நெட்டையான அமெரிக்க ‘டபுள்’ அங்கே ‘ட்ரெபிள்’. எந்த முறை என்று சொல்லாமல் மொழிபெயர்த்துப் போட்டால், ஒருவர் குட்டையாகவும் இன்னொருவர் நெட்டையாகவும் பின்னுவார். இருவருமே குறிப்பின்படிதான் செய்திருப்பார்கள். குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. ஊசி எண்ணிலும் இதே சிக்கல்: பழைய பிரிட்டிஷ் எண்களில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க எண்களில் (எஃகு ஊசிகள் நீங்கலாக) தடிக்கும். மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

தொடங்குபவருக்கு 5 மி.மீ. ஊசியும், 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும் நடுத்தரப் பருமன் நூலும் பொருத்தம். நூல் வழவழப்பாக, நன்றாக முறுக்கேறி, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் ஊசியை எங்கே நுழைப்பது என்றே தெரியாது. பல நிறம் கலந்த நூலும் கண்ணை ஏமாற்றும். முறுக்கு தளர்ந்த நூலில் ஊசி முனை இழைகளைப் பிளந்துகொண்டு போகும். முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூல் குழந்தைக்கு ஆகாது: இழை உதிர்ந்து வாய்க்குள் போகும், தவறாகப் பின்னினால் பிரிக்கவும் வராது. அக்ரிலிக் மிருதுவானது, எடை குறைவு, அடிக்கடி துவைக்கலாம். பருத்தி நூல் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் போர்வை கனக்கும். சாதாரணக் கம்பளி நூல் சூடான நீரில் போட்டு அலசினால் சுருங்கித் தடித்துவிடும்.

75 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளப் போர்வைக்கு 450 முதல் 500 கிராம் நூல் வேண்டும். எல்லா உருண்டைகளின் லேபிளிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கும் நூல் அதே நிறப் பெயரோடு வந்தாலும், பின்னி முடித்ததும் நடுவில் ஒரு பட்டை தனியாகத் தெரியும்.

போர்வையைத் தொடங்கும் முன் கீழே சொல்லும் ‘ஹாஃப் டபுள்’ பின்னலில் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னிப் பார்ப்பதைப் பலர் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். அதன் நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணினால் 14 ஸ்டிச் (பின்னல் கண்ணி), 10 வரிசை வர வேண்டும். கை இறுக்கமாக இருந்து 16 வந்தால், 105 ஸ்டிச் போட்ட போர்வை 75-க்குப் பதில் 66 செ.மீ.தான் இருக்கும். தளர்ந்து 12 வந்தால் 87 செ.மீ.யைத் தாண்டும், நூல் பாதியில் தீரும். இறுக்கத்துக்கு வழக்கமான காரணம், ஊசியின் கொக்கிக்கு அருகே மெலிந்திருக்கும் கழுத்துப் பகுதியிலேயே லூப்பை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) வைத்துப் பின்னுவது. லூப் ஒவ்வொன்றும் ஊசியின் முழுப் பருமனுள்ள தண்டுக்கு வந்து அளவெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டிச் வகைகளில் தொடங்குபவருக்கு நான் சிபாரிசு செய்வது அமெரிக்க முறையில் ‘ஹாஃப் டபுள்’ எனப்படுவதுதான். சிங்கிளைவிட வேகமாக வளரும், டபுளைப் போல இடைவெளி விடாது. நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, கீழ் வரிசையின் தலையில் சடை போலப் படுத்திருக்கும் இரண்டு இழைகளுக்கும் அடியில் நுழைத்து, நூலை மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் மூன்று லூப் நிற்கும். மறுபடி நூலை மாட்டி மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுத்தால் ஒரு ஸ்டிச். இரண்டு இழைக்குப் பதில் ஒன்றை மட்டும் எடுத்தால் அந்த வரிசையில் கோடு விழும், துணி தளரும்.

தொடக்கத்தில் 107 செயின், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த லூப்களின் சங்கிலி. செயினை மட்டும் 5.5 அல்லது 6 மி.மீ. ஊசியால் போடுவது நல்லது. செயின் இறுகினால் போர்வையின் அடி ஓரம் சுருங்கி வில்லாக வளையும். எவ்வளவு துவைத்து இழுத்தாலும் அது நேராகாது. ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் முதல் ஸ்டிச். வரிசை முடிவில் 105 இருக்க வேண்டும்.

இனி, போர்வையைக் கோணலாக்கும் இடத்துக்கு வருகிறேன். வரிசை முடிந்து துணியைத் திருப்பியதும் உயரத்துக்காக 2 செயின் போடுகிறோம். அந்த 2 செயினை ஒரு ஸ்டிச்சாகக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா? பெரும்பாலான குறிப்புகள் இதைச் சொல்வதே இல்லை. சேர்க்காவிட்டால், செயினுக்கு நேர் கீழே இருக்கும் முதல் ஸ்டிச்சிலேயே பின்னத் தொடங்க வேண்டும். மறுமுனையில் அந்தச் செயினைத் தொடவே கூடாது. சேர்த்தால், முதல் ஸ்டிச்சைத் தாண்டிவிட்டு, மறுமுனையில் செயினின் தலையில் ஒன்று பின்ன வேண்டும். இரண்டுமே சரி. ஆனால் ஆரம்பத்தில் ஒரு முறையும் முடிவில் இன்னொரு முறையும் என்று கலந்தால் வரிசைக்கு ஒன்று கூடும் அல்லது குறையும். வரிசைக்கு ஒன்று குறைந்தால், 40 வரிசை போவதற்குள் 105 என்பது 65 ஆகி, அகலம் சுமார் 46 செ.மீ.க்கு இறங்கிவிடும். தொடங்குபவருக்குச் செயினைச் சேர்க்காத முறையே எளிது. மேலே சொன்ன 107-ம் அதற்கான கணக்கே.

அப்போதும் கடைசி ஸ்டிச் ஏமாற்றும். ஓரத்தை விரலால் விரித்துப் பார்த்தால் புரியும். திரும்பும் செயின் பக்கவாட்டில் புடைத்து நிற்க, அதை ஒட்டிய ஸ்டிச்சின் தலை இறுகி, சாய்ந்து, முடிச்சு மாதிரி ஒளிந்திருக்கும். கண் அதைச் செயினின் பகுதி என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஸ்டிச் போட்ட உடனே அதன் தலையில் வேறு நிற நூல் துண்டு ஒன்றை மாட்டிவிடுவது. திரும்பி வரும்போது அதுதான் கடைசி ஸ்டிச். முதல் பத்து வரிசைக்கு ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும், பிறகு ஐந்து வரிசைக்கு ஒருமுறை. 104 என்று வந்தால் எங்காவது ஒன்றைக் கூட்டிச் சரிக்கட்டக் கூடாது, பிரித்துவிட வேண்டும். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு லூப்தான் உயிரோடு இருக்கும் என்பதால், பிரிக்கும்போது வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், பயம் வேண்டாம்.

90 வரிசை பின்னினால் மொத்தம் 9,450 ஸ்டிச். ஒன்றுக்கு 6 விநாடி என்று வைத்தாலும் 16 மணி நேரம் ஆகும். இதையும் குறிப்பிலேயே சொல்லிவிட்டால், “ஒரே நாளில் போர்வை” என்று நம்பி யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

புது உருண்டையை வரிசை முடிவில் சேர்ப்பதே நல்லது. நுனிகளை 15 செ.மீ. விட்டு, மொட்டை ஊசியில் கோத்து, முன்னும் பின்னுமாக மூன்று முறை துணிக்குள்ளேயே ஓட்ட வேண்டும். வெறும் முடிச்சுப் போட்டு வெட்டினால் துவைக்கையில் அவிழும். அவிழாவிட்டால் குழந்தையின் தோலில் உறுத்தும். சுற்றிலும் ஒரு வரிசை சிங்கிள் போட்டால் ஓரம் நேர்த்தியாகும். மூலைகளில் மூன்று, பக்கங்களில் 10 வரிசைக்கு 14. ஓரம் அலை அலையாக நெளிந்தால் அதிகம், இழுத்துப் பிடித்தால் குறைவு. அக்ரிலிக் போர்வையை இஸ்திரி போட வேண்டாம், சூட்டில் துவண்டு அப்படியே நின்றுவிடும்.

குஞ்சம், பாம்பாம் (நூல் பந்து), பொத்தான், ரிப்பன் எதுவும் குழந்தைப் போர்வையில் கூடாது. பிய்ந்து வாய்க்குப் போகும். பெரிய துளைகள் விழும் டிசைன்களில் சின்ன விரல்கள் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, படத்தைப் பற்றி. பச்சிளம் குழந்தை தொட்டிலில் தூங்க, கழுத்து வரை குரோஷாப் போர்வை போர்த்தியிருக்கும் படம் இத்தகைய குறிப்புகளோடு அடிக்கடி வருகிறது. தளர்வான போர்வை முகத்தில் ஏறினால் மூச்சு அடைபடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2022-இல் புதுப்பித்து வெளியிட்ட பரிந்துரை. விழித்திருக்கும் குழந்தையை மடியில் வைத்துப் போர்த்தவும், பக்கத்தில் ஒருவர் இருக்கத் தரையில் விரித்துக் கிடத்தவும் இந்தப் போர்வை உதவும். அடுத்த குறிப்போடு அப்படி ஒரு படத்தையே வெளியிடுங்கள். தூங்கும் குழந்தைக்கு இதைப் போர்த்த வேண்டாம் என்ற வரியும் அந்தப் படத்துக்குக் கீழேயே, பெரிய எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
கைவேலைப் பக்க வாசகர்