கல்யாணக் கவரை இன்னும் பிரிக்கவில்லை

அன்பு மகள் மீனாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். சென்ற மாதம் அனுப்பிய நாற்பது படங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உனக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

பரணில் கிடந்த நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஸ்கேனர் வாங்கவில்லை, உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கித் தந்த கேமராவே போதும். 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தை நெருங்கி எடுப்பதற்காக, லென்சுக்குப் பின்னால் பொருத்தும் வளையங்களை மட்டும் 600 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய டேப்லெட்டின் வெள்ளைத் திரைதான் விளக்கு. அதன்மேல் நேராக வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழுவதால், பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய பால்நிற அக்ரிலிக் துண்டை இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தி, நெகட்டிவை அதில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுக்கிறேன். கலர் பிலிமின் ஆரஞ்சு நிறத்தைக் கழிக்காமல் கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கினால் எல்லோரும் நீலம் பாரித்துப் போகிறார்கள். உன் பெரியத்தை உட்பட. ஊட்டியில் தயாரான ‘இந்து’ மார்க் பிலிமில் தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் வேட்டியின் கரைகூடத் தெளிவாகத் தெரிகிறது. அனுப்பியவற்றை இரண்டு இடங்களில் சேமித்து வை. கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதே.

1989 பள்ளி ஆண்டுவிழாச் சுருளைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை லேப்காரர் கெடுத்துவிட்டார் என்று அன்று சொன்னேன். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவே இல்லை. உண்மையில், பிலிமைச் சுற்றி முடிக்காமல் கேமராவின் பின்கதவைத் திறந்தவன் நான். நீ மூன்று நாள் சாப்பிடாமல் அழுததைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் பட்ட பிலிம் கறுத்துத்தான் போயிருந்தது. ஆனால் சுருளின் உள்மடிப்பில் இருந்த ஒரு படத்துக்கு எட்டு விநாடி வெளிச்சம் கொடுத்துப் பார்த்தபோது, வெண்புகைக்கு நடுவே சலங்கை கட்டிய ஒரு பாதமும் பாவாடைக் கரையும் வந்தன. அதைத் தனியாக அனுப்புகிறேன். இதையும் இரண்டு இடங்களில் வை.

கல்யாணச் சுருள்கள் இருக்கும் கவரை இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் படங்களும் அதில்தான் இருக்கின்றன. வரிசைப்படி அடுத்தது அதுதான் என்றாலும் சங்கராந்திப் படங்களை முன்னால் எடுத்துக்கொண்டேன். அதை நான் ஏற்றட்டுமா, அல்லது நீ வந்தபின் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

அன்புடன்,
அப்பா