பச்சை விளக்கு எரியாதபோது என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுக் கணினியிலேயே வெப் சர்வர் (உலாவி கேட்கும் பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) நிறுவிப் பழகுவது எப்படி என்று வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படியொரு கட்டுரை வருவதே அரிது என்பதால், எழுதியவருக்கும் இடம் ஒதுக்கிய தங்களுக்கும் முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சர்வருக்கு வேண்டிய மென்பொருள்களை ஒன்றாகத் தரும் ஸாம்ப் தொகுப்பைப் பதிவிறக்கி, வரிசையாக ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தி, கட்டுப்பாட்டுப் பலகையில் அப்பாச்சி என்ற வெப் சர்வரின் பெயர் பச்சையானதும் வேலை முடிந்தது என்று அக்கட்டுரை நின்றுவிடுகிறது. பச்சையாகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. என்னைத் தேடி வரும் பிள்ளைகள் எல்லோரும் சரியாக அந்த இடத்தில் தடுக்கி விழுந்த பிறகுதான் வருகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மடிக்கணினியோடு மாலை வேளையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருவது பல ஆண்டுப் பழக்கம். “சார், மூணு தடவை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்” என்பதுதான் அவர்களில் பெரும்பாலோர் வாயிலிருந்து வரும் முதல் வாசகம். ஒரு மாணவர் அதற்கும் ஒரு படி மேலே போய், விண்டோஸையே அழித்துப் புதிதாக நிறுவிப் பார்த்திருந்தார். அப்போதும் அப்பாச்சி ஓடவில்லை. 80ஆம் போர்ட் (கணினிக்கு வரும் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, அதைப் பிடித்திருப்பது பிஐடி 4 என்ற எண்ணுள்ள நிரல் என்று கட்டுப்பாட்டுப் பலகையின் அடியில் சிவப்பு எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியை அவர் ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை.

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் தரும் எண்தான் பிஐடி; அதில் 4 என்பது எப்போதும் ‘சிஸ்டம்’, அதாவது விண்டோஸின் மையப் பகுதியின் எண். வெப் கோரிக்கைகளைக் கையாள விண்டோஸின் கருவுக்குள்ளேயே எச்டிடிபி.சிஸ் என்றொரு பகுதி உண்டு. ஐஐஎஸ் என்ற விண்டோஸின் சொந்த வெப் சர்வர் அதன் வழியாகவே 80ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மாணவர் வேறொரு பாடத்தின் செய்முறைக்காக ஐஐஎஸ்ஸைத் தாமே இயக்கி வைத்திருந்தார். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் அந்தச் செய்முறைக்காக மறுபடி இயக்கினார். ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் காத்திருக்க முடியும் என்ற ஒரே விதி தெரிந்திருந்தால் அவருக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் ‘வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ என்பதை நிறுத்தினோம், அடுத்த நொடி பச்சை விழுந்தது. இரண்டும் வேண்டும் என்பவர்கள் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ‘லிசன் 80’ என்பதை 8080 என்று மாற்றிக்கொண்டு, உலாவியில் முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளியிட்டு 8080 சேர்த்துத் தட்டலாம். பாதுகாப்பான இணைப்புக்குரிய 443ஆம் போர்ட் வேறொரு கோப்பில் தனியாக இருக்கிறது. அதையும் வேறொரு நிரல் பிடித்திருந்தால் 80ஐ மாற்றியும் பயனில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு குறை. தங்கள் கட்டுரை ‘போர்ட்’ என்பதைத் ‘துறைமுகம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கச் சென்றவர்களின் ஊர் எங்களுடையது. துறைமுகம் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் “80ஆவது துறைமுகம் திறக்கப்படவில்லை” என்பதைப் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன நினைக்கும்? திரையில் பார்க்கும் சொல்லோடு பொருந்தாத தமிழைவிட, தமிழ் எழுத்தில் எழுதிய ‘போர்ட்’ மேல்.

மறு நிறுவல் பெரும்பாலும் பயன்படாததற்குக் காரணம், கோளாறு மென்பொருளுக்குள் இல்லாமல் அதைச் சுற்றி இருப்பதுதான். எது கோளாறு என்பதை அப்பாச்சி தன் எரர் லாக் என்ற பிழைப் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. ஸாம்ப்பில் அப்பாச்சி கோப்புறைக்குள் ‘லாக்ஸ்’ என்பதில் அது இருக்கும். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் ‘வார்’ என்பதற்குள் ‘லாக்’, அதற்குள் ‘அப்பாச்சி2’ என்ற இடத்தில் இருக்கும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். லாக்கில் புதிதாக எதுவுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்: லாக்கைத் திறக்கும் கட்டத்துக்கு முன்பே சர்வர் நின்றுவிட்டது என்று பொருள். அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கலாம். உபுண்டுவில் ‘அப்பாச்சி கண்ட்ரோல் கான்ஃபிக்டெஸ்ட்’ என்ற கட்டளை எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று காட்டிவிடும். விண்டோஸானால், அப்பாச்சி ஓடத் தேவையான விஷுவல் சி++ துணைக்கோப்புகள் இல்லாமலும் இருக்கலாம். அதேபோல, சர்வரின் முழுப் பெயரை உறுதியாகத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஏஎச்00558 எண்ணோடு வரும் செய்தியைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது வெறும் எச்சரிக்கை. ‘சர்வர்நேம்’ என்று ஒரு வரி சேர்த்தால் மறைந்துவிடும். சேர்க்காவிட்டாலும் சர்வர் ஓடும்.

லாக்கைப் படிப்பதன் அருமையை நான் உணர்ந்தது கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரில். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாகிவிட்டன என்றாலும், எங்கள் பகுதியில் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் சிறு நூலகங்களிலும் இன்னும் எவ்வளவோ நூல்கள் இருக்கின்றன. அப்படியொரு நூலகத்தின் பட்டியலை உபுண்டு போட்ட பழைய கணினியில் ஏற்றி, அக்கட்டடத்துக்குள்ளேயே எல்லோரும் பார்க்கும்படி செய்ய இளைஞர்கள் சிலர் முயன்றார்கள். சர்வர் ஓடியது; பட்டியலைத் திறந்தால் மட்டும் 403, அனுமதி இல்லை என்று வந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டியல் இருந்த கோப்புறைக்கு 777 என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கோப்புகளை மாற்றி எழுதலாம் என்ற ஆபத்தான அந்த அனுமதியைக் கொடுத்த பிறகும் 403 போகவில்லை.

உலாவியில் 403 என்று ஒரே முகம் காட்டும் கோளாறுக்கு லாக்கில் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஏஎச்01630 என்று வந்தால் அப்பாச்சியின் அமைப்பே மறுக்கிறது. 2012இல் வந்த 2.4 பதிப்பு ‘ஆர்டர்’, ‘அலவ்’ என்ற பழைய வரிகளுக்குப் பதிலாக ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதுவோர் இங்கே சிக்குகிறார்கள். ஏஎச்00035 என்று வந்தால், கோப்புக்குப் போகும் பாதையில் ஏதோ ஓர் அடைவை இயங்குதளமே கடக்க விடவில்லை என்று பொருள். நூலகத்தில் வந்தது இரண்டாவது. பட்டியல், பயனருக்கே உரிய கோப்புறையான ஹோம் அடைவுக்குள் இருந்தது, உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் அடைவுக்குள் பிறர் நுழைய முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பைப் பூட்டிவிட்டு இரண்டாம் கட்டில் உள்ள அறையைத் திறந்து வைப்பது போன்ற வேலைதான் அந்த 777. பட்டியலை ‘வார்’ அடைவுக்குள் உள்ள ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்ற இடத்துக்கு மாற்றி, உரிமைகளைப் பழையபடி குறைத்தவுடன் பக்கம் திறந்தது. அதே கணினியில் திறந்த பக்கம் அடுத்த மேசையில் திறக்காததற்குக் காரணம், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால். 80ஆம் போர்ட்டை அதில் அனுமதித்ததும் அதுவும் தீர்ந்தது.

பக்கம் திறந்தபோது நூல் பெயர்கள் தமிழாக இல்லை. தலையில் சாய்கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் நின்ற ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வந்தன. ஆங்கிலம் மட்டும் எழுதுவோர் அதிகம் சந்திக்காத இக்கோளாறைத் தமிழை வைத்து ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் விளக்குவதில்லை என்பதால் தங்கள் இதழ்தான் எழுத வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள். அவற்றை மேற்கத்திய எழுத்துமுறை என்று தவறாக எண்ணி உலாவி ஒவ்வொன்றாக வாசித்தால் அந்த ‘ஏ’யும் ‘ஆரும்’ தோன்றும். பக்கத்துக்குள் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தும் ஏன் பயனில்லை என்று இளைஞர்கள் குழம்பினார்கள். பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தலைப்புக் குறிப்பு (ஹெடர்) வேறொன்றைச் சொன்னால் உலாவி சர்வரைத்தான் நம்பும். அமைப்புக் கோப்பில் யாரோ படியெடுத்து ஒட்டிய ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கத்திய எழுத்துமுறையின் வரியை யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் தமிழ் வந்தது.

இந்தக் குப்பை எழுத்துகளைக் கண்டு யாரும் தரவை அழித்துவிட வேண்டாம். தரவு பத்திரமாக இருக்கிறது, வாசிப்பதுதான் தவறு. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால்தான் கவலைப்பட வேண்டும். தமிழை ஏற்காத எழுத்துமுறையில் அமைந்த தரவுத்தள அட்டவணையில் எழுதும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன என்பது அதன் பொருளாக இருக்கக்கூடும். தொலைந்தவற்றை மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு 2018இல் வரும் வரை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் அம்மென்பொருள் ‘லத்தீன்1’ என்ற மேற்கத்திய முறையையே எடுத்துக்கொண்டது. ஆகவே முதல் நூலின் பெயரைத் தட்டும் முன்பே எழுத்துமுறையைச் சரிபார்க்கும்படி கட்டுரையில் சேர்த்தால் பல பேரின் உழைப்பு வீணாகாது.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, நிறுவும் படங்களில் பாதியைக் குறைத்தேனும், எரர் லாக் எங்கே இருக்கிறது என்பதையும், அடிக்கடி வரும் நான்கைந்து பிழைச் செய்திகளையும் அச்சிடுங்கள். இக்கடிதத்தில் நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் தந்திருந்தாலும், தங்கள் கட்டுரையில் திரையில் தெரியும் ஆங்கில வடிவத்திலேயே, ஒரு புள்ளியும் மாறாமல் தந்து, கீழே தமிழில் விளக்கம் எழுதுங்கள். அப்பக்கத்தைக் கத்தரித்து என் திண்ணைச் சுவரில் ஒட்டிவைக்க இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காரைக்குடி.