தஜிகிஸ்தான்: கட்டியவர்களும் பராமரித்தவர்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தஜிகிஸ்தானுக்குச் சென்ற வெளிநாட்டு உதவி குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1997 ஜூனில் ஜனாதிபதி ரஹ்மோனும் எதிரணித் தலைவர் நூரியும் உள்நாட்டுப் போரை முடிக்க மாஸ்கோவில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்குப் பிறகு வந்த பணமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. மத்திய வங்கி தவறான கணக்குக் காட்டியது தெரிந்து, 2008இல் சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) சுமார் 4.7 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்கிய துர்சுன்சோதா அலுமினிய ஆலையின் வருமானமோ பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான நிறுவனத்தின் வழியாகப் போனது.

ஆனால் பாமிர் மலைப்பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! சோவியத் காலத்தில் அங்கே டீசலும் நிலக்கரியும் மலிவாக வந்துகொண்டிருந்தன. அது நின்றதும் மக்கள் மரங்களை வெட்டினார்கள். பாமிரின் கிழக்கே உள்ள முர்காப் மேட்டு நிலத்தில் தெரெஸ்கென் என்ற புதரை வேரோடு பிடுங்கி அடுப்பெரித்தார்கள். 2002இல் பாமிர் பகுதியின் மின் அமைப்பை 25 ஆண்டுகளுக்குப் பாமிர் எனர்ஜி நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்தது. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கானின் வளர்ச்சி அமைப்பும், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகமும் முதலீடு செய்தன. உலக வங்கி கடன் கொடுத்தது. ஏழைக் குடும்பங்கள் குறைந்தபட்ச யூனிட்டுகளையாவது மலிவாகப் பெற ஸ்விட்சர்லாந்து மானியம் தந்தது. மீட்டர் பொருத்துவது, மின் இழப்பைக் குறைப்பது, கட்டணம் வசூலிப்பது என்று யாரும் ரிப்பன் வெட்ட வராத வேலைகள்தான் அதன்பின் நடந்தன. மின்வாரியத்தில் காலம் தள்ளிய எனக்கு அதன் அருமை தெரியும்.

இதற்கு நேர்மாறு அன்சோப் சுரங்கப்பாதை. பனிக்காலத்தில் கணவாய் மூடிவிட்டால் தலைநகர் துஷான்பேயிலிருந்து வடக்கே உள்ள குஜந்த் நகருக்குப் போக உஸ்பெகிஸ்தான் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. ஆகவே தேவை உண்மையானது. ஈரான் உதவியுடன் கட்டி 2006இல் திறந்தும் வைத்தார்கள். ஆனால் உள்ளே காற்றோட்ட வசதி இல்லை, சாலையில் தண்ணீர் தேங்கி நின்றது. பல ஆண்டுகள் அதற்கு ‘மரணச் சுரங்கம்’ என்றே பெயர்.

எனவே, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலோடு கட்டுரையாளர் நின்றிருக்கக் கூடாது. கட்டி முடித்த பிறகு பழுதுபார்க்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்றும் விசாரித்திருக்க வேண்டும். 2022இல் பாமிரில் அரசுப் படைகள் நடத்திய ஒடுக்குமுறைக்குப் பின் ஆகா கான் அமைப்பின் பள்ளி உட்படச் சில நிறுவனங்கள் அரசின் கைக்குப் போயின. அடுத்த கட்டுரையை அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தஞ்சாவூர்