தறியும் நூலகமும் கேட்பது ஒரே மாலையைத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்றைய பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரியவில்லை என்றும், பாடப் புத்தகம் தவிர்த்த மற்றப் புத்தகங்கள் அவர்களைக் கனவில் ஆழ்த்திச் சோம்பேறிகளாக்குகின்றன என்றும், மாலையிலும் விடுமுறையிலும் அவர்களைக் குடும்பத் தொழிலில் உட்கார வைத்தால்தான் உருப்படுவார்கள் என்றும் அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் சொல்வது போலவே குடும்பத் தொழிலில் உட்கார வைக்கப்பட்டு வளர்ந்தவள் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளர் வீட்டில் 1970-ல் பிறந்தவள். எங்கள் வீட்டின் முன்கட்டு முழுவதும் தறி; மிச்சமிருந்த இடத்தில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். கோர்வைச் சேலை நெய்வதை அறிந்தவர்களுக்கு அதை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது என்பது தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால், ஊடை எனப்படும் குறுக்கு நூல் ஒவ்வொன்றுக்கும் கரை நூலையும் உடல் நூலையும் ஒன்றோடொன்று கோத்து வாங்க வேண்டும். தறிக்குழியில் இருப்பவர் ஒருபுறத்தைப் பார்த்துக்கொள்ள, அடுத்த பக்கத்துக் கரை நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை, தள்ளுவதற்கு இன்னொரு கை வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வீடுகளில் அந்தக் கை பிள்ளைகளின் கையாகத்தான் இருந்தது. முதலில் என் அண்ணனின் கை. எட்டாம் வகுப்போடு அவன் நிறுத்தப்பட்டுத் தனக்கென ஒரு தறியில் இறங்கிய பிறகு என் கை.

பதினோரு வயதில் பள்ளித் தோழி ஒருத்தியோடு கிளை நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள் அவை. அகர வரிசையில் உலகத்தையே அடுக்கி வைத்தது போல இருந்தது எனக்கு. நான் முதலில் தேடிய சொல் 'பட்டு'. என் வீட்டில் இரவும் பகலும் புழங்குகிற ஒரு பொருள் அச்சில் வரும் அளவுக்குப் பெரிய விஷயம் என்பதே அன்றைக்கு எனக்குப் புதிய செய்தி. அதன்பின் வந்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பத்துத் தொகுதிகளையும் நான் எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. கதைப் புத்தகங்களும் படித்தேன். ஆனால் மனத்துக்கு நெருக்கமானவை அந்தத் தடித்த தொகுதிகள்தாம்.

அவை மேற்கோள் நூல்கள். வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பள்ளி விட்டு வந்து நூலகம் மூடும் வரை இருந்த மாலை நேரம்தான் எனக்குக் கிடைக்கக்கூடிய நேரம். அப்பாவுக்குக் கரை நாடா தள்ள நான் வேண்டியிருந்ததும் அதே நேரம்தான். எங்கள் வீட்டுச் சண்டைகள் அத்தனையும் அந்த மூன்று மணி நேரத்தைச் சுற்றியே நடந்தன.

அப்பா கொடுமைக்காரர் அல்லர். விடியற்காலையில் குழியில் இறங்கினால் இருட்டும் வரை மிதியில் கால் வைத்திருந்தவர். அவருடைய கணக்கில் நேரம் என்பது விரற்கடையாகக் கூடும் சேலையின் நீளம்; அந்த நீளம்தான் அரிசி, வாடகை, வாங்கிய முன்பணத்தின் மிச்சம். நான் ஒரு மாலை நூலகத்துக்குப் போனால் அன்றைக்குச் சேலை அத்தனை விரற்கடை குறையும். "புஸ்தகம் சோறு போடுமா?" என்று அவர் கேட்டது எங்கள் பானையின் நிலைமையை வைத்துத்தான். எனக்கு அது அன்று புரியவில்லை. பதில் சொல்வேன், அழுவேன், சாப்பிடாமல் படுப்பேன்.

ஒருநாள் பள்ளி நூலகத்திலிருந்து வாங்கி வந்த புத்தகத்தைத் தறியோரம் மடியில் விரித்து வைத்துக்கொண்டு கை மட்டும் நாடா தள்ளிக்கொண்டிருந்தேன். கண் எழுத்தில் இருந்ததால் சில ஊடைகளில் கோர்வை சரியாக விழவில்லை. அப்பா கவனித்தபோது நான்கு விரற்கடை ஓடியிருந்தது. பிரித்து நெய்தால் ஜரிகை நைந்துபோகும் என்பதால் அப்படியே விட வேண்டியதாயிற்று. சேலையை ஒப்படைத்த இடத்தில் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூலியில் பிடித்தம் செய்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து என்னை அடிக்கவில்லை. அண்ணன்தான் பேசினான். "நீ அங்க பக்கம் புரட்டுற நேரத்துக்கெல்லாம் இங்க நான்தான் ரெண்டு தறிக்கும் நடுவுல ஓடிட்டிருக்கேன், தெரிஞ்சுக்க" என்றான். அவன் சொன்னது உண்மை. நான் நூலகத்தில் இருந்த மாலைகளில் தன் தறியை விட்டு எழுந்து வந்து அப்பாவுக்குக் கரை நாடா தள்ளியவன் அவன்தான். என்னைவிட மூன்று வயதே மூத்தவன். அவனுக்கும் படிக்க ஆசை இருந்ததா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

உழைப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். நாடா தள்ளியதில் எனக்குக் கிடைத்தது தோள் வலியும் பழக்கமும். நான் படித்த ஒவ்வொரு மணி நேரத்தையும் எனக்காக இன்னொருவர் உழைத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அண்ணன் அப்படிப் பேசிய பிறகுதான் உறைத்தது.

அம்மா ஒரு வழி செய்தார். வாரத்தில் இரண்டு மாலைகள் எனக்கு. மற்ற நாட்களில் நான் தறியை விட்டு நகரக் கூடாது. அந்த இரண்டு மாலைகளிலும் அம்மாவே கரை நாடாவுக்கு உட்கார்ந்தார். பகலெல்லாம் ராட்டையில் தார் சுற்றியவர், பாவு எனப்படும் நெடுக்கு நூல் முடிந்த நாட்களில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தவர், என் இரண்டு மாலைகளையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிணைக்கும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசையும். பார்வை ஒரே இடத்தில் நிற்கும். நூலகத்தில் கவனம் சிதறும்போதெல்லாம் அந்த விரல்கள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும், பாவு நமத்துப்போகும், வேலை நின்றுவிடும். வீட்டில் கடன் ஏறும் மாதங்கள் அவை. எனக்கோ எல்லா மாலைகளும் நூலகத்துக்குக் கிடைத்த மாதங்கள். அந்த மகிழ்ச்சியை வீட்டில் காட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கார்த்திகையில் அண்ணனும் கூட வந்தான். முதல் இரண்டு நாட்கள் செய்தித்தாளோடு இருந்தான். மூன்றாம் நாள் நான் மூடி வைத்த தொகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மழை விட்டதும் அவன் வரவில்லை, வரவும் முடியாது.

அப்பா நூலகத்துக்கு ஒரே ஒருமுறைதான் வந்தார். நான் உண்மையிலேயே அங்குதான் போகிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார். உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றவரை நூலகர் அழைத்து உட்கார வைத்தார். என் முன்னால் இருந்த தொகுதியை அப்பா எடுத்தார். படிக்க அல்ல, முதுகைத் திருப்பிப் பார்க்க. தையல் விட்டு நடுவிலிருந்த தாள்கள் கழன்று வந்துகொண்டிருந்தன. "இத்தனை பேர் கை படுற பொருளை இப்படி விடலாமாய்யா?" என்று நூலகரிடம் கேட்டார். மறுநாள் தறியில் கழிந்த பட்டு நூலை நான்கைந்து புரியாக முறுக்கிக் கொண்டுவந்து, நூலகரின் அனுமதியோடு, அந்தத் தாள்களைப் பழைய துளைகளிலேயே கோத்து இழுத்துக் கட்டினார். கருஞ்சிவப்பு நூல். அந்தத் தொகுதியைத் திறந்தால் நடுப்பக்கத்தில் அந்தச் சிவப்பு தெரியும். அதற்குப் பிறகும் அவர் என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை எங்கள் சண்டை ஓயவில்லை. ஆனால் புத்தகம் சோறு போடுமா என்ற கேள்வியை மட்டும் அவர் பிறகு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் கடிதத்தில் உழைப்பு ஒருபுறமும் புத்தகம் மறுபுறமும் பகையாளிகள் போல நிறுத்தப்பட்டிருந்தன. எங்களைப் போன்ற வீடுகளில் அவை இரண்டும் மோதிக்கொண்டது உண்மைதான். ஆனால் மோதல் நேரத்துக்காக. பிள்ளைக்கு இருப்பது ஒரே மாலை. அதைத் தறியும் கேட்கிறது, நூலகமும் கேட்கிறது. பசியுள்ள வீட்டில் தறிதான் வெல்லும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிள்ளை உழைப்பைக் கற்றுக்கொள்வதாகத் தெரிகிறது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அது எனக்குப் பயன்படவில்லை என்றாலும், பின்னால் வந்த பிள்ளைகளில் பலர் கூலித் தறிகளிலிருந்து பள்ளிக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். 2016-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று விரிவாக்கியதோடு, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றும் விலக்கு அளித்தார்கள். குடும்பத் தொழில் அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கலாம். ஆனால் பள்ளி முடிந்த பிறகு என்பது எந்த நேரம் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் தெரியும்: நூலகம் திறந்திருக்கும் நேரம், விளையாட்டு நேரம், வீட்டுப்பாட நேரம். சட்டம் விட்டுக்கொடுத்தது அந்த நேரத்தைத்தான்.

இன்று என் வீட்டில் மாலையில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தறிகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. என் அண்ணனே தறியை விற்றுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இந்தப் பதினைந்து பேரில் நான்கு பேர் இரவு ஏழரைக்கு மேல்தான் வர முடிகிறது. அதற்கு முன் வீட்டு வேலையோ தறி வேலையோ இருக்கிறது. அவர்கள் வரும்போது எங்கள் பகுதி நூலகத்தின் கதவு பூட்டியிருக்கிறது.

என் கோரிக்கை இதுதான். நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் நெருங்கி வாழும் பகுதிகளில் இருக்கும் கிளை நூலகங்களையாவது இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நெசவு நிற்கும் மாதங்களில் வாராந்திர விடுமுறையன்றும் மாற்று ஆள் போட்டுத் திறக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நூலகரின் தலையில் இதைச் சுமத்தாமல் கூடுதல் ஊழியர் நியமித்துச் செய்ய வேண்டும். பணம் எங்கே என்று கேட்கலாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் செலுத்துகிறோம். தறி வீட்டுக்காரரும் செலுத்துகிறார். அந்தப் பணம் உள்ளாட்சிகளிடமிருந்து நூலகத் துறைக்கு உரிய காலத்தில் முழுமையாகப் போய்ச் சேர்ந்தாலே பல நூலகங்களுக்கு மின்விளக்கும் ஆளும் கிடைக்கும். அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். நான் மடியில் வைத்துப் படித்த கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் அவர்தான். நூல் ஒருபுறம், அதைப் படிக்க இடம் மறுபுறம் என்று இரண்டையும் சேர்த்தே அன்று யோசித்திருக்கிறார்கள். இன்று படிக்க நேரம் என்ற மூன்றாவதையும் சேர்த்து யோசிக்கும்படி கேட்கிறேன்.

இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, வீட்டுக்கு ஒரு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் பேசினார். முன்கட்டு முழுவதும் தறி நிற்கும் வீட்டில் அலமாரி போட இடம் கிடையாது. தெருமுனையில் உள்ள கிளை நூலகம்தான் அந்த வீட்டின் புத்தகசாலை.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை வேலையில் உதவச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவின் விரல்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தது எனக்குப் பெரிய கொடுப்பினை. ஆனால் உதவியும் ஒரு கணக்கோடு இருக்கட்டும். வாரத்தில் இரண்டு மாலைகளையாவது பிள்ளைக்கென்று விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மாலைகளையும் வீட்டிலுள்ள இன்னொரு பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். என் அண்ணனிடம் நான் இன்றுவரை கேட்காத மன்னிப்பு ஒன்று இருக்கிறது. அவன் தங்கள் நாளிதழை நாள்தோறும் தொழிற்சாலைப் பேருந்தில் படிக்கிறான் என்பதால் அதை இங்கேயே கேட்டுவிடுகிறேன்: அந்த மாலைகளுக்காக என்னை மன்னித்துவிடு அண்ணா.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.